அந்தப் படிவத்தைச் சித்தப்பா தானே நிரப்பட்டும்

கேள்வி: அக்கா, நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் கலைப் பிரிவில் படித்தேன், ஒரு பாடம் ஐசிடி. எங்கள் சித்தப்பாவுக்குக் கண் தெரியாது. போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற டோக்பேக் வசதியைப் போட்டு எல்லாவற்றையும் தானே செய்துகொள்வார். போன மாதம் ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பப் பார்த்தார். எந்தப் பெட்டிக்குப் போனாலும் போன் "எடிட் பொக்ஸ், எடிட் பொக்ஸ்" என்று மட்டுமே சொன்னது. கடைசியில் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கும் பயன்படுகிற மாதிரி, டைனமிக்காக இயங்குகிற இணையத்தளங்களை வடிவமைக்கவும் கட்டவும் படிக்க ஆசை. ரியாக்டில் தொடங்குவதா, நிரல் எழுதாமலே தளம் அமைக்க உதவுகிற வேர்ட்பிரஸ்ஸில் தொடங்குவதா? எனக்குக் கணக்கும் ஆங்கிலமும் சுமார்தான். வேலை கிடைக்குமா? ஹட்டனில் ஆறு மாத 'ஃபுல் ஸ்டாக்' (தளத்தின் முன்பக்கமும் பின்னணி வேலையும் சேர்த்து) டிப்ளோமா வகுப்பு ஒன்று இருக்கிறது. கட்டணம் அம்மாவின் பல மாதச் சம்பளம். சேரலாமா?

பதில்: தங்கச்சி, வகுப்பில் சேர்வதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் சித்தப்பாவின் போன் ஏன் அப்படிச் சொன்னது என்று பாருங்கள். நீங்கள் எங்கே தொடங்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

அந்தப் படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் 'பெயர்', 'முகவரி' என்று எழுதியிருந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் நிரப்பியிருப்பீர்கள். ஆனால் அந்த எழுத்துக்கும் கீழே உள்ள பெட்டிக்கும், பக்கத்தை எழுதுகிற குறிமொழியான எச்டிஎம்எல்லில் எந்தத் தொடர்பும் போடப்படவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நம் கண் சேர்த்துக்கொள்கிறது. டோக்பேக்குக்கு அப்படிச் சேர்த்துக்கொள்ளத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே 'லேபல்' என்றொரு டேக், அதாவது எச்டிஎம்எல் குறி, இருக்கிறது. பெட்டிக்கு ஒரு ஐடி கொடுத்து, லேபலின் 'ஃபோர்' என்ற இடத்தில் அதே ஐடியை எழுதிவிட்டால் போதும். விரல் அந்தப் பெட்டியில் பட்டதும் போன் "பெயர், எடிட் பொக்ஸ்" என்று சொல்லும். பெட்டிக்கு ஒரு வரிதான் வேலை. கண் தெரிகிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு: லேபல் எழுத்தைத் தொட்டாலே பெட்டி எழுதத் தயாராகிவிடும்.

இந்த ஒரு வரியை விட்டவர் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார். பெரும்பாலும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஒவ்வொரு வருடமும் 10 லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 சதவீதத்தில், தானியங்கிச் சோதனையிலேயே பிடிபடக்கூடிய பிழைகள் இருந்தன. அதிகமாக வருபவை ஆறு: மங்கலான எழுத்து நிறம், படத்துக்கு மாற்று விவரம் இல்லாதது, படிவத்தில் லேபல் இல்லாதது, உள்ளே எழுத்தில்லாத இணைப்பு, எழுத்தில்லாத பட்டன், பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று குறிப்பிடாதது. இந்த ஆறில் ஒன்றுகூடப் பெரிய வித்தை இல்லை. எல்லாம் முதல் மாதப் பாடம்.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். அணுகல் வசதி என்பது சித்தப்பா போன்றவர்களும் தளத்தைப் பயன்படுத்த வழி செய்வது. அதை, எல்லாம் படித்து முடித்த பிறகு பார்க்கிற கடைசிப் பாடமாக வைக்காதீர்கள். எச்டிஎம்எல் படிக்கிற முதல் வாரத்திலேயே அதையும் சேர்த்துப் படியுங்கள். தளத்தைக் கட்டி முடித்த பிறகு அணுகல் வசதியைச் சேர்க்கப் போனால் பாதித் தளத்தைப் பிரித்துப்போட வேண்டிவரும். அதற்கு யாரும் பணமும் தரமாட்டார்கள், நேரமும் தரமாட்டார்கள். அப்புறம் அது நடக்காமலே போய்விடும்.

ரியாக்ட் இப்போது வேண்டாம். பக்கத்தை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, அது. நல்ல கருவிதான், ஒருநாள் படிக்கவும் வேண்டும். ஆனால் நேராக அதில் இறங்குகிறவர்கள் எதற்கெடுத்தாலும் 'டிவ்' என்ற பொதுப் பெட்டி டேக்கைப் போட்டுப் பழகிவிடுகிறார்கள். ஒரு டிவ்வுக்கு நிறமடித்து, கிளிக் செய்தால் இயங்குகிற மாதிரி எழுதிவிடலாம். பார்க்க அச்சுஅசலாகப் பட்டன்தான். ஆனால் கீபோர்டில் டேப் விசையை அழுத்திக்கொண்டு போனால் அதில் போய் நிற்காது. என்டர் அடித்தால் அசையாது. ஸ்கிரீன் ரீடர், அதாவது டோக்பேக் போலத் திரையைப் படித்துச் சொல்கிற மென்பொருள், அதைப் பட்டன் என்றே சொல்லாது. 'பட்டன்' டேக்கைப் போட்டிருந்தால் இந்த மூன்றையும் பிரவுசரே செய்து தந்திருக்கும். தலைப்புக்குத் தலைப்பு டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக், வழிகாட்டும் இணைப்புகளுக்கு 'நாவ்', முக்கிய உள்ளடக்கத்துக்கு 'மெயின்' என்று அதது அதற்குரிய டேக்கை எழுதப் பழகுவதுதான் அணுகல் வசதியின் பெரும்பகுதி. ஸ்கிரீன் ரீடருக்குக் கூடுதல் விவரம் சொல்ல 'ஏரியா' (ARIA) என்று ஒரு தனிக் குறிமுறை இருக்கிறது, டுடோரியல்களில் பார்ப்பீர்கள். சரியான டேக் இருக்கிற இடத்தில் அதைத் தொடாதீர்கள். தப்பாகப் போட்ட ஏரியா, ஒன்றுமே போடாததைவிட மோசம்.

உங்களிடம் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அதோடு வருகிற இஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் பழைய லேப்டாப்பிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். அதைப் போட்டுக்கொண்டு, திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். எச் விசையை அழுத்தினால் தலைப்புத் தலைப்பாகத் தாவும். எஃப் அழுத்தினால் படிவப் பெட்டிகள், பி அழுத்தினால் பட்டன்கள், கே அழுத்தினால் இணைப்புகள். தலைப்பு டேக் போடாத பக்கத்தில் எச் அழுத்தினால் எங்கும் போகாது. அப்போது தெரியும், எழுத்தைப் பெரிதாகவும் தடிப்பாகவும் காட்டுவதற்கும் தலைப்பு டேக் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இனித் தமிழுக்கே உரிய சில விஷயங்கள். ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இவற்றில் பலவும் கிடைக்காது.

பக்கத்தின் முதல் டேக்கிலேயே மொழியைக் குறிப்பிட வேண்டும். தமிழுக்கு 'டிஏ', சிங்களத்துக்கு 'எஸ்ஐ'. குறிப்பிடாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும், பல சமயம் தமிழ் எழுத்துகளை ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப் போகும். நம் நாட்டில் மும்மொழித் தளங்கள்தான் அதிகம். ஆகவே மொழி மாற்றுகிற இணைப்புகளிலும் அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதி, அதற்குரிய குறியையும் போடுங்கள்.

அடுத்தது பாமினி. நம் ஊர் அச்சகங்களிலும் டைப்செட்டிங் கடைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு நடக்கிறது. அதில் 'அம்மா' என்று திரையில் தெரிவதன் அடியில் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உளறல். சித்தப்பாவின் போன் அதை எம், கே என்றுதான் படிக்கும். தேடினாலும் கிடைக்காது. யாராவது உங்களிடம் பாமினிக் கோப்பைத் தந்து தளத்தில் போடச் சொன்னால், எல்லாக் கணினிக்கும் புரிகிற பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அறிவித்தலை ஒரே படமாக ஆக்கிப் போடுகிற பழக்கமும் இப்படித்தான். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வகுப்பு நோட்டீஸ், வேலைவாய்ப்பு நோட்டீஸ் எல்லாம் படங்கள். சித்தப்பாவுக்கு அது 'இமேஜ்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். உள்ளே இருக்கிற செய்தியை எழுத்தாகவே பக்கத்தில் போடுங்கள், படம் அதற்கு அழகு சேர்க்க இருக்கட்டும்.

படத்தின் மாற்று விவரம், அதாவது 'ஆல்ட்', படம் அந்த இடத்தில் எதற்காக இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். எல்லவில் உள்ள ஹோம்ஸ்டே ஒன்றுக்குத் தளம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 'படம் 1' என்று எழுதுவது வீண். 'அழகான காட்சி' என்பதும் வீண். 'மாடி வராந்தாவிலிருந்து தெரியும் ஒன்பது வளைவுப் பாலம்' என்றால், அங்கே அறை எடுக்க யோசிக்கிறவருக்கு அது ஒரு செய்தி. வெறும் அலங்காரப் படமானால் ஆல்ட்டை வெறுமையாக விடுங்கள், ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போகும். ஆனால் ஆல்ட் என்ற சொல்லையே விட்டுவிடக் கூடாது, விட்டால் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடும்.

பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ்ஸில் நிறத்தைக் கவனியுங்கள். இணையத்தின் தரநிலைகளை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டலை டபிள்யூசிஏஜி என்பார்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது அது. வெள்ளையில் #999999 சாம்பல் போட்டால் 2.85தான் வரும், தேறாது. #767676 போட்டால் 4.54, மட்டுமட்டாகத் தேறும். இது பார்வை குறைந்தவர்களுக்காக வைத்த அளவு. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில், உச்சி வெயிலில் போனைப் பார்க்கிற உங்கள் அம்மாவுக்கும் அதே அளவுதான் கைகொடுக்கும். தொடுகிற பட்டன்களுக்கும் அளவு உண்டு. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. நான் 44க்குக் கீழே இறங்குவதில்லை. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களால் சின்னஞ்சிறு பட்டனைத் தொட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

தமிழ் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். நான் 18 வைப்பேன். மேலே விசிறியும் புள்ளியும் கீழே வாலும் வருவதால் வரி உயரம் 1.6 ஆவது இருந்தால்தான் எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காது. சொற்களும் நீளம். 'ஓகே' என்று வடிவமைத்த பட்டனில் 'உறுதிப்படுத்துங்கள்' போட்டால் வெளியே வழிந்துவிடும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கியும், திரையை 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியும் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளிப் படிக்க வேண்டிவந்தால் இன்னும் வேலை பாக்கி.

சரி, டைனமிக் தளம். அதற்கு ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு படிப்பதுதான் நல்லது. டுடோரியலில் வருகிற கடையையும் வானிலை ஆப்பையும் செய்யாதீர்கள். உங்கள் தோட்டத்துக்கு ஓர் அறிவித்தல் பலகை செய்யுங்கள். கிளினிக் நாள், பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவை, தண்ணீர் வராத நாள், ஸ்கொலர்ஷிப் வகுப்பு, விண்ணப்பங்களின் இறுதித் திகதி. நாளுக்கு நாள் மாறுகிற தகவல், ஆகவே டைனமிக்காகத்தான் இருக்க வேண்டும். படிக்கப்போகிறவர்களும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில் நாலைந்து அறிவித்தல்களை வெறும் எச்டிஎம்எல்லிலும் சிஎஸ்எஸ்ஸிலும் எழுதி, தளங்களை இணையத்தில் வைக்க இடம் தருகிற கிட்ஹப் பேஜஸில் இலவசமாகப் போடுங்கள். அது சரியாக வந்த பிறகு, சேர்வரில் ஓடுகிற பிஎச்பி மொழியும், தகவலைச் சேமிக்கிற மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும். நான் பிஎச்பி சொல்வதற்குக் காரணம் உண்டு. குறைந்த விலை ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கிற சேர்வர் இடம், எல்லாவற்றிலும் அது ஓடும், பிறகு வேர்ட்பிரஸ் படிக்கவும் அதுவே அடித்தளம். இவை இரண்டையும் லேப்டாப்பிலேயே ஓட்டுகிற எக்ஸாம்ப் மென்பொருளைப் போட்டுவிட்டால் டேட்டா செலவழிக்காமலே பழகலாம். கிட்ஹப் பேஜஸில் பிஎச்பி ஓடாது, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். டேட்டாபேஸின் எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்8எம்பி4 என்று இருக்கட்டும். பழைய லத்தீன் குறிமுறையில் விட்டால் நீங்கள் சேமித்த தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். பெட்டியில் வருகிற எதையும் நேராக டேட்டாபேஸ் கட்டளைக்குள் ஒட்டாமல் 'பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட்' வழியாக அனுப்பவும், திரையில் காட்டும்போது 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்' வழியாகக் காட்டவும் முதல் நாளே பழகுங்கள். இது பாதுகாப்பு விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

தலைப்பை முதல் சில எழுத்துகளோடு வெட்டிக் காட்ட நினைப்பீர்கள். கவனம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் அதை 5 என்று எண்ணும், பிஎச்பியில் நீளம் எண்ணுகிற சாதாரணக் கட்டளையான 'எஸ்டிஆர்லென்' பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய்விடும். பிஎச்பியில் 'கிராஃபீம்' என்று தொடங்குகிற கட்டளைகளும், ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் செக்மென்டர்' என்பதும் இதற்காகவே இருக்கின்றன.

ஜாவாஸ்கிரிப்டைக் கடைசியில் சேருங்கள். தேடல் பெட்டி முதலில் அது இல்லாமலே வேலை செய்யட்டும்: சொல்லை எழுதி என்டர் அடித்தால் சேர்வர் விடையோடு புதுப் பக்கத்தை அனுப்பும். அதற்கு மேல்தான், எழுத எழுதப் பட்டியல் சுருங்குகிற வசதி. மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வந்து சேராமல் போவது சாதாரணம். அப்போதும் தளம் வேலை செய்ய வேண்டும். நம் மலையகத்துக்கு இதுவும் அணுகல் வசதிதான், நான் அப்படியே கருதுகிறேன்.

பட்டியல் சுருங்கியது கண் தெரிகிறவருக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியாது. டைனமிக் தளங்களில் பார்வையற்றவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திரையில் ஏதோ மாறிவிட்டது, போன் வாய் திறக்கவில்லை. இதற்கு 'ஏரியா லைவ்' என்ற குறி இருக்கிறது. மேலே நான் தொடாதீர்கள் என்று சொன்ன ஏரியா தேவைப்படுகிற இடம் இது. பக்கம் திறக்கும்போதே ஒரு வெற்றுப் பெட்டியை 'பொலைட்' என்று குறித்து வைத்துவிட்டு, பட்டியல் மாறும்போது அதற்குள் '4 அறிவித்தல்கள் கிடைத்தன' என்று எழுதுங்கள். ஸ்கிரீன் ரீடர் தான் சொல்லிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு அதைப் படிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் சொல்ல விடாதீர்கள், தட்டி நிறுத்திய பிறகு ஒரு தடவை போதும். புதுப் பெட்டி ஏதாவது திறந்தால் ஃபோகஸ், அதாவது கீபோர்டும் ஸ்கிரீன் ரீடரும் நிற்கிற இடம், அதற்குள் போக வேண்டும், மூடினால் திறந்த பட்டனுக்கே திரும்பி வர வேண்டும். எச்டிஎம்எல்லின் 'டயலாக்' டேக் இதில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடும்.

படிவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். வீட்டு இலக்கம் கட்டாயம், வீதிப் பெயர் கட்டாயம் என்று எத்தனையோ படிவங்கள் கேட்கின்றன. லயத்து வீட்டுக்கு வீதிப் பெயர் ஏது? தோட்டம், டிவிசன், தபால் நகரம் என்றுதான் நம் முகவரி போகிறது. அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாத படிவம், கண் நன்றாகத் தெரிகிறவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. குடும்பப் பெயர் கட்டாயம் என்பதும், பெயரில் ஆங்கில எழுத்து மட்டுமே வரலாம் என்பதும் அதே ரகம். நீங்கள் செய்யும்போது முகவரிக்கு ஒரே பெரிய பெட்டி, பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். அடையாள அட்டை இலக்கம் 2016 முதல் 12 இலக்கமாகக் கொடுக்கப்படுகிறது. அதற்கு முந்தியது 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். இரண்டையும் ஏற்க வேண்டும். பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிறுத்தாமல், என்ன பிழை, எப்படித் திருத்துவது என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுத்தில் சொல்லுங்கள். 'ஏரியா டிஸ்கிரைப்ட்பை' கொண்டு அந்த வரியைப் பெட்டியோடு இணைத்துவிட்டால் டோக்பேக்கும் படிக்கும். ஏற்கெனவே எழுதியதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள்.

தளம் ஓரளவு வந்ததும் சித்தப்பாவிடம் கொடுங்கள். சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்காமல், 'அடுத்த கிளினிக் எப்போது என்று கண்டுபிடியுங்கள்' என்று ஒரு வேலையைக் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். இது கஷ்டம். 'மேலே இருக்கிறது சித்தப்பா' என்று சொல்ல வாய் வரும், போனை வாங்கக் கை போகும். இரண்டையும் அடக்குங்கள். அவர் எங்கே நின்றார், எதை இரண்டாவது தடவை கேட்டார், எங்கே அலுத்துப்போனார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தானியங்கிச் சோதனைகளால் பிடிக்க முடியாத பிழைகள் இப்படித்தான் பிடிபடும். அவர் ஒருவரோடு நிறுத்தாமல் மூக்குக் கண்ணாடி போட்ட பாட்டியிடமும் கொடுங்கள், அவசரக்காரத் தம்பியிடமும் கொடுங்கள். சித்தப்பாவின் நேரத்துக்கு மதிப்புக் கொடுங்கள். பிறகு காசுக்குத் தளம் செய்து, அதையும் அவர் சோதித்துத் தந்தால், அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். அது வேலை, அதற்குக் கூலி உண்டு.

வேர்ட்பிரஸ் இதற்கெல்லாம் பிறகு. உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன, ஆகவே பண்டாரவளை, எல்ல, நுவரெலியாப் பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர்களும் சின்ன ஹோட்டல்காரர்களும் கேட்கப்போவதும் அதைத்தான். உங்கள் முதல் வருமானம் அங்கிருந்து வரலாம். 'அக்ஸசிபிலிட்டி ரெடி' (அணுகல் வசதிக்குத் தயார்) என்று குறித்த தீம்கள், அதாவது ஆயத்த வடிவமைப்புகள், இருக்கின்றன, அவற்றில் தொடங்குங்கள். எச்டிஎம்எல் தெரிந்த கையோடு வேர்ட்பிரஸ்ஸுக்குப் போனால் தீமில் உள்ள பிழை உங்கள் கண்ணில் படும்.

கணக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த வேலைக்குச் சதவீதமும், ஒன்றன்பின் ஒன்றாக யோசிக்கிற பழக்கமும் போதும். ஆங்கிலத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, உண்மையைச் சொல்கிறேன். நல்ல விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, தூரத்து வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதும் அதில்தான். ஆனால் பேசுகிற ஆங்கிலத்துக்கு முன்னால் வாசிக்கிற ஆங்கிலம் வந்துவிடும். டேக்குகளை விளக்குகிற எம்டிஎன் என்ற தளத்தில் தினமும் ஒரு டேக்கைப் பற்றி வாசியுங்கள், அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். டெவ்டொக்ஸ் என்ற தளத்தில் இந்த விளக்கங்களை ஒரு தடவை இறக்கி வைத்தால் டேட்டா இல்லாத நேரத்திலும் படிக்கலாம்.

வேலை விஷயத்தில் நான் வாக்குறுதி எதுவும் தரமாட்டேன். ஆனால் இந்தத் திறமைக்குத் தேவை கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமுலில் இருக்கிறது. இணையக் கடை, வங்கிச் சேவை போன்றவற்றை அங்கே நடத்துகிறவர்கள் அணுகல் வசதி செய்தே ஆக வேண்டும். அவர்களுக்கு வேலை செய்துகொடுக்கிற கொழும்புக் கம்பனிகளுக்கும் இது தெரிந்த ஆட்கள் வேண்டும். நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசுகிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 9ஆவது உறுப்புரை இணையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சித்தப்பாவுக்கு அந்தப் படிவத்தை நிரப்ப முடியாமல் போனது அவருடைய குறை இல்லை என்பதை அவருக்கும் சொல்லுங்கள்.

இப்போது வகுப்பு. காசு கட்டுவதற்கு முன்னால் மொரட்டுவ பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் உள்ள ஃபுல் ஸ்டாக் பயிற்சியைப் பாருங்கள், கட்டணம் கிடையாது. நிரல் எழுதக் கற்றுத்தருகிற ஃப்ரீகோட்கேம்ப் தளமும் இலவசம். டபிள்யூ3சியின் அணுகல் வசதிப் பாடங்களையும் காசில்லாமல் படிக்கலாம். பட்டம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, நுழைவுத் தகுதியை அவர்களுடைய அறிவித்தலில் பாருங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) பாடநெறிகள் என்னென்ன நடக்கின்றன என்றும் போய் விசாரியுங்கள்.

இதற்குப் பிறகும், ஆள் பக்கத்திலிருந்து சொல்லித் தந்தால்தான் எனக்கு ஏறும் என்று தோன்றினால், அதுவும் நியாயமான காரணம்தான். ஹட்டனுக்குப் போய் அந்த வகுப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறார்களா, சான்றிதழுக்கு என்விகியூ மட்டம் உண்டா என்பது ஒன்று. கட்டணத்தை மாதாமாதம் கட்டலாமா, இடையில் நின்றால் மீதி என்ன ஆகும் என்பது இரண்டாவது, அதை எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதாக, போன வருடம் படித்த பிள்ளைகள் செய்த தளம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டியதும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் அந்தத் தளத்தின் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியாமல் போய், ஏன் முடியவில்லை என்று சொல்லித்தரவும் அங்கே ஆள் இல்லையென்றால், அம்மாவின் காசை அம்மாவிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு சிறு பங்கை எடுத்து லேப்டாப்பின் ரேமைக் கூட்டிக்கொண்டு, மாதாமாதம் டேட்டாவும் போட்டுக்கொண்டு, நான் மேலே சொன்ன அறிவித்தல் பலகையைத் தொடங்குங்கள். முதல் பக்கம் வந்ததும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள், என்விடிஏ போட்டு நானும் கேட்டுப் பார்த்து எழுதுகிறேன்.